அப்பா நம்பருக்குப் போகும் மெசேஜ்

எங்கள் வகுப்பிலேயே பத்திரமான ஆள் நான்தான். ஒழுக்கத்தில் இல்லை, போனில் பணம் அனுப்புவதில். காரணம், என் அப்பா இறந்துவிட்டார்.

கேட்பதற்கு நன்றாக இல்லைதான். எனக்கும் முதல்முறை காதில் விழுந்தபோது சுருக்கென்றிருந்தது. பிறகு பழகிவிட்டது. சிதம்பரத்தில் எங்கள் லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கும் பெண்களில் பாதிப் பேருடைய பேங்க் கணக்கு, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்தது. அதில் எழுதிக் கொடுத்த நம்பர் அப்பாவுடையது, இல்லாவிட்டால் அண்ணனுடையது. நாங்கள் இங்கே ஜீபே பண்ணினால் பணம் கடைக்குப் போகும், மெசேஜ் வீட்டுக்குப் போகும். யார் கடை, எவ்வளவு, எந்தத் தேதி, எல்லாம் அதில் இருக்கும்.

காமர்ஸில் ஆராய்ச்சி செய்யும் ஒரு அக்கா, டிஜிட்டல் வாலட்டை மாணவர்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்று கேட்டு எல்லோருக்கும் ஒரு ஃபார்ம் அனுப்பினார். ஹேக் ஆகும் என்று பயமா, நெட்வொர்க் போய்விடும் என்று பயமா, கம்பெனி ஏமாற்றிவிடும் என்று பயமா என்று கட்டம் கட்டமாகக் கேள்விகள். அப்பா என்று ஒரு கட்டம் இல்லை. ஹாஸ்டலில் எங்கள் தளத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டே 'பயமே இல்லை' என்று டிக் அடித்து அனுப்பினோம். அந்த அக்கா அதை வைத்து டாக்டர் பட்டமே வாங்கியிருப்பார்.

உண்மையான பயம் கடையின் பெயர்தான். க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்ததும் திரையில் ஒரு பெயர் வரும். பின் நம்பரைப் போடுவதற்கு முன்னால் பக்கத்தில் நிற்பவள் "பேரு பாத்தியாடி?" என்று கேட்பாள். பெயர் நல்ல பெயராக இருந்தால் போடலாம். ஒரு ஜூஸ் கடைக்காரர் வேறு ஏதோ தொழில் செய்த காலத்தில் வாங்கிய அட்டையை இன்னும் மாட்டியிருந்தார், அதில் வரும் பெயர் ஒயின்ஸ் என்று முடியும். சாத்துக்குடி ஜூஸ் குடித்த ஒருத்தி, பண்ருட்டியிலிருந்து அவளுடைய அப்பா பஸ் ஏறி வந்து கேட் வாசலில் நின்றபோதுதான் அதைக் கவனித்தாள்.

என் அப்பா செபாஸ்டின் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். என்னை ஹாஸ்டலில் சேர்த்த அன்று, மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, அம்மாவின் கம்மல் திருகாணிக் கம்பியால் தன் போனிலிருந்து சிம்மை எடுத்து என் போனில் போட்டு ஜீபேயை ஏற்றிக் கொடுத்தார். வேலை முடிந்ததும் சிம்மைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மெசேஜ் அவருக்கு வரும், பணம் நான் செலவழிப்பேன். ஒவ்வொரு மெசேஜுக்கும் போன் வரும். "என்னா பாப்பா, ஸ்வீட் ஸ்டால்ல எம்பது ரூவா? தனியா தின்னியா, கூட யாருக்காச்சும் குடுத்தியா?" என்பார். மெசேஜ் வந்தால் சேவல் கூவுகிற மாதிரி ஒரு சத்தத்தை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை நேரத்தில்கூட அது கூவியிருக்கிறது. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள், அவர் சிரிப்பார்.

எம்.காம். முதல் வருஷம் முடிவதற்குள் போய்விட்டார். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்காக நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அடக்கம் முடிகிறவரை அழுதேன். அப்புறம் அழுகை நின்றது. அதோடு மற்றதும் நின்றுவிட்டது போலிருக்கிறது. பசிக்கும், தூங்குவேன், பரீட்சை எழுதுவேன். யாராவது ஜோக் சொன்னால் சிரிப்பு வர வேண்டிய இடம் எது என்று தெரியும், அங்கே சிரிப்பேன்.

அப்பாவின் போன் எங்கே என்று ஒருமுறை கேட்டேன். "பீரோல இருக்குது" என்றாள் அம்மா. ரீசார்ஜ் பண்ணாத சிம் தானாகச் செத்திருக்கும் என்று நினைத்தேன். பேங்கில் நம்பர் மாற்ற வேண்டும், அதற்குக் கடலூர் பிராஞ்சுக்குப் போக வேண்டும், போகலாம் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

"உனக்குக் கேக்க ஆளில்லையேடி, நீ ஸ்கேன் பண்ணேன்" என்று முதலில் சொன்னது யார் என்று ஞாபகமில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் கையில் ரொக்கம் கொடுத்தாள், நான் போனை நீட்டினேன். சினிமா டிக்கெட். பாண்டிச்சேரியில் வாடகை ஸ்கூட்டி. எவனுக்கோ பிறந்தநாள் கேக். கொஞ்ச நாளில் எங்கள் தளத்துக்கே நான்தான் வாலட். ஒரு பைசா யாரையும் ஏமாற்றியதில்லை, ஒரு பெயரை வெளியே விட்டதில்லை. இதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்திருக்கலாம். இருந்ததா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

எனக்கு நிச்சயமாகப் பெருமையாக இருந்த விஷயம் ஒன்றே ஒன்று, அது அம்மா சொல்லும் ஒரு வாக்கியம். அம்மா பெயர் ஜோதி மேரி, மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சர். பக்கத்து வீட்டிலோ, கோயில் வாசலிலோ, பஸ்ஸிலோ யாராவது பெண்பிள்ளை படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், "சிந்தியா விஷயத்துல எனக்கு ஒரு கவலையும் கெடையாது" என்பாள். அப்பா இருந்தபோது இதை இரண்டு பேரும் சொல்வார்கள். அவர் போன பிறகு அவள் ஒருத்திதான் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கென்று வீட்டில் இருந்த சொத்து அந்த வாக்கியம்தான். அது இருக்கிறவரை நான் செபாஸ்டின் மகளாக நடமாடலாம்.

அது எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. அதுதான் எனக்கு இப்போது எரிச்சலாக இருக்கிறது.

என் அறைத்தோழி இசைவாணி, புவனகிரிக்காரி. அவள் கணக்கில் இருப்பது அண்ணன் நம்பர். அந்த அண்ணன் செம்பியன், அவள் ஒரு நாப்கின் வாங்கினால்கூட "இதென்ன மாசத்துக்கு ரெண்டு தடவ மெடிக்கல்?" என்று கேட்கிற ஆள். அப்பா போய்ச் சில மாதம் கழித்து ஒருநாள் வகுப்பு முடிந்து வந்தவள் கட்டிலில் உட்கார்ந்து கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாள் தள்ளிப் போச்சுடி" என்றாள்.

"எவ்ளோ?"

"ரொம்ப."

அவள் பழகிய பையன் யார் என்று எனக்குத் தெரியும், அவன் போனை எடுக்கவில்லை என்பதும் தெரிந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. மெடிக்கலில் கிட் வாங்கினோம். இல்லை என்று காட்டியது. அவள் நம்பவில்லை. ஸ்கேன் சென்டருக்குப் போனோம், பிறகு ஒரு லேடி டாக்டர். கர்ப்பமெல்லாம் ஒன்றுமில்லை, சினைப்பையில் நீர்க்கட்டி, மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். இசைவாணி அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள். மூன்று இடத்திலும் பணம் கட்டியது என் போன். வெளியே வந்து பரோட்டா தின்றோம், அதற்கும் என் போன்தான்.

அதே மாதம் எங்களுக்கு புராஜெக்ட். கீழவீதிப் பக்கம் பக்கிரி அண்ணன் ஜெராக்ஸ் கடையில்தான் பிரிண்டும் பைண்டிங்கும். கடை ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தில் இருந்தது. அண்ணனுக்கு பேங்க் கணக்கில் ஏதோ தகராறு, அதனால் லாட்ஜ் முதலாளியின் க்யூஆர் அட்டையை வாங்கி மாட்டியிருந்தார். ஸ்கேன் செய்தால் 'அமிர்தம் லாட்ஜ்' என்று வரும். மற்ற பெண்கள் அந்தக் கடைப் பக்கமே போக மாட்டார்கள். நான் போனேன். எனக்கென்ன பயம். "அண்ணே, உங்க கடையில ஸ்பைரல் பைண்டிங் போட்டா எங்க மானமே போயிடும்" என்று கிண்டல்கூட செய்திருக்கிறேன். திருத்தம் வந்து வந்து அந்தப் பக்கம் அடிக்கடி போக வேண்டியிருந்தது.

அது முடிந்த கையோடு எனக்கு டைபாய்டு. ஹாஸ்டலிலேயே கிடந்தேன். அம்மாவுக்குச் சொன்னால் லீவு போட்டுக்கொண்டு ஓடி வருவாள் என்று சொல்லவில்லை. தேறிய பிறகு வீட்டுக்குப் போனபோது அம்மா கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "டைபாய்டும்மா, இப்ப சரியாப் போச்சு" என்றேன். "உள்ள வா" என்றாள். அவ்வளவுதான். அன்று வேறு எதுவும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் வருஷப் பூசைக்காக இந்த முறை வந்திருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் நல்லெண்ணெய் வாசனை. அம்மா உளுந்தங்களி கிண்டி வைத்திருந்தாள், நடுவில் குழி பறித்து எண்ணெயும் கருப்பட்டியும். நான் வயசுக்கு வந்தபோது தின்றது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதைக் கிண்டியதே இல்லை. இப்போது கொஞ்ச மாதமாக நான் எப்போது வந்தாலும் அதுதான்.

"எதுக்கும்மா இது? நான் என்ன புள்ள பெத்தவளா?" என்றேன் விளையாட்டாக.

அம்மாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. பிறகு, "இடுப்புக்கு நல்லது, தின்னு" என்றாள்.

தின்றேன். இனிப்பாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பூசை. எங்கள் கோயிலில் பூசைக்கு முன்னால் யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கிறார்கள் என்று மைக்கில் படிப்பார்கள். மூன்று நான்கு பெயருக்குப் பிறகு "மரித்த செபாஸ்டின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும்" என்று வந்தது. அம்மா என் கையைப் பிடித்தாள். அடுத்து, "பெயரிடப்படாத ஒரு சிறு குழந்தையின் ஆன்மாவுக்காகவும்" என்று படித்தார்கள். யார் வீட்டுக் குழந்தையோ, பாவம் என்று நினைத்தேன். அம்மா என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்பாவை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

நற்கருணை நேரத்தில், ஃபாதர் தரும் அப்பத்தை வாங்க எல்லோரும் எழுந்து வரிசைக்குப் போனார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. முழங்காலை ஒருபக்கம் ஒதுக்கி மற்றவர்களுக்கு வழி விட்டாள். நன்மை என்று நாங்கள் சொல்லும் அந்த அப்பத்தை என் அம்மா வாங்காமல் நான் பார்த்ததே கிடையாது. காய்ச்சலோடு போய் வாங்கியிருக்கிறாள். அப்பாவை அடக்கம் பண்ணின அன்றும் வாங்கினாள். நான் போய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, முன்பெஞ்சின் முதுகைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா?"

"பேசாத, பூச முடியட்டும்."

பூசை முடிந்து வெளியே வந்தோம். காலையில் கல்லறைக்குப் போக மெழுகுவத்தியும் மாலையும் வாங்க வேண்டும். வாசலில் பூக்கடை. அம்மா பர்ஸில் சில்லறை தேடினாள். ஊருக்கு வந்தால் என்னைச் செலவு செய்ய விடவே மாட்டாள், எல்லாம் அவளே கொடுப்பாள். அன்று நான் முந்திக்கொண்டு பூக்கார அம்மாவின் அட்டையை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டேன்.

அம்மாவின் ஹேண்ட்பேக்குக்குள் சேவல் கூவியது.

பூக்கார அம்மா சிரித்தாள். பக்கத்தில் நின்ற பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா பேக்கை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு நின்றாள். இன்னொரு முறை கூவியது. எனக்கு ஒரு நொடி, அப்பா பின்னாலேயே நிற்கிறார், "மாலை எவ்ளோ பாப்பா?" என்று கேட்கப் போகிறார் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. பிறகு வழக்கம்போல ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்தோம். உள்ளே வந்ததும் அம்மா போனை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அப்பாவின் போன். மூலையில் விரிசல் விட்ட அதே கண்ணாடி.

"இது எதுக்கும்மா உயிரோட இருக்குது?"

"மாசாமாசம் ரீசார்ஜ் பண்றேன்."

"எதுக்குன்னு கேட்டேன்."

"உங்கப்பா போனப்புறம் நீ சரியா பேசுறதில்ல. நாலு வார்த்த பேசிட்டு வெச்சிடுற. இதுல மெசேஜ் வந்தா, சரி, இன்னைக்கு தோச தின்னுருக்கா, இன்னைக்கு டீ குடிச்சிருக்கான்னு தெரியும். மொதல்ல அதுக்குத்தான் வெச்சிருந்தேன்."

மொதல்ல என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. "அப்புறம்?" என்றேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறவள், இங்கிலீஷ் நன்றாகவே படிப்பாள். ஆனால் போனைத் தொடவில்லை. மனப்பாடமாக வைத்திருந்தாள்.

"லாட்ஜு. ஒரு தடவ இல்ல, எத்தினியோ தடவ. அப்புறம் மெடிக்கலு. அப்புறம் ஸ்கேன் சென்டரு. அடுத்த நாளு லேடி டாக்டரு. அதுக்கப்புறம் ஒரு மாசம் நீ வீட்டுப் பக்கமே வரல. வந்தப்ப எலும்பும் தோலுமா வந்து நின்ன."

"அது டைபாய்டும்மா."

"ஆமா. அப்பிடித்தான் சொன்ன."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. லாட்ஜ் என்பது ஜெராக்ஸ் கடை, பக்கிரி அண்ணனுக்கு பேங்கில் தகராறு, அதனால் வேறொருவருடைய அட்டை என்று சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. வேண்டுமானால் நாளைக்கே சிதம்பரத்துக்கு வா, கடையைக் காட்டுகிறேன் என்றேன்.

"நான் உன்ன எதாச்சும் கேட்டனா சிந்தி? இத்தினி மாசத்துல ஒரு வார்த்த கேட்டனா?"

"கேக்கணும்மா. கேட்டுத் தொலச்சிருக்கணும். மெடிக்கல், ஸ்கேன் எல்லாம் இசைவாணிக்கு. அவளுக்கும் ஒண்ணுமில்ல, நீர்க்கட்டி. அவ அண்ணனுக்கு மெசேஜ் போவும்னு நான் கட்டுனேன். எல்லாருக்கும் நான்தாம்மா கட்டுவேன்."

"ஏன் எல்லாருக்கும் நீ கட்டணும்?"

"எனக்குத்தான் மெசேஜ் பாக்க அப்பா இல்லியே."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தாள். குரல் ரொம்ப மென்மையாக இருந்தது, பள்ளிக்கூடத்தில் பாவாடையை நனைத்துக்கொண்ட பிள்ளையிடம் பேசுவாளே, அந்தக் குரல்.

"அந்தப் பொண்ணு பேர இதுல இழுக்காதம்மா. அவளுக்கும் ஒரு அம்மா இருக்கா. நான் உன்ன மன்னிச்சிட்டேன், எப்பவோ மன்னிச்சாச்சு. உங்கப்பா இருந்திருந்தா அவரும் மன்னிச்சிருப்பாரு. நான் அந்தக் கொழந்தைக்குப் பூசகூட வெச்சிட்டேன்."

அப்போதுதான் எனக்கு அந்தப் பெயரிடப்படாத குழந்தை யார் வீட்டுக் குழந்தை என்று புரிந்தது.

என்ன செய்வது என்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் வயிற்றில் இல்லாத பிள்ளை, இசைவாணி வயிற்றிலும் இல்லாத பிள்ளை, எங்கள் வீட்டில் மட்டும் இருந்திருக்கிறது. அம்மா அதற்காக அழுதிருக்கிறாள், களி கிண்டியிருக்கிறாள், பணம் கட்டிப் பூசை வைத்திருக்கிறாள். எனக்கு அழுகை வர வேண்டிய இடம் இது என்று நன்றாகத் தெரிந்தது. வரவில்லை. கோபமாவது வரட்டும் என்று பார்த்தேன். அதுவும் அரைகுறையாகத்தான் வந்தது.

"நன்மை ஏம்மா வாங்கல?" என்றேன்.

"தெரிஞ்சும் மூடி மறச்சவ நான். எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வாங்குறது? நீயா ஃபாதர்கிட்ட போயி பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணாத வரைக்கும் எனக்கு மனசு வராது. அது உன்னுது. உனக்காக நான் போயி சொல்ல முடியாது பாரு."

"அப்ப எத்தன மாசமா நீ வாங்கல?"

அம்மா அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் காலை, அம்மா குளிக்கப் போனதும் மாடிக்குப் போய் இசைவாணிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கம்மாகிட்ட ரெண்டே வார்த்த பேசுடி. அது எனக்குத்தான் ஆன்ட்டின்னு சொல்லு, போதும்" என்றேன்.



"சிந்தியா, அடுத்த மாசம் எனக்கு நிச்சயதார்த்தம்டி."

"தெரியும். எங்கம்மா யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க."

"உன்ன நான் கண்ண மூடிக்கிட்டு நம்புவேன். உங்கம்மாவ எனக்குத் தெரியாதேடி. எங்கண்ணன் காதுக்குப் போச்சுன்னா என்ன ஆவும்னு உனக்குத் தெரியும்ல?"

தெரியும். அந்தத் தளத்தில் இருந்த எல்லோரையும்விட எனக்கு நன்றாகவே தெரியும். அதைத் தெரிந்துகொண்டு நடந்ததால்தானே அவ்வளவு பேரும் என்னை நம்பினார்கள். அவள் அழ ஆரம்பித்தாள். "சரி விடு, அழாத" என்று சமாதானம் சொல்லிவிட்டு வைத்தேன். கடைசியில் நான்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது, அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

கீழே வந்தபோது அம்மா சேலை கட்டி, கைப்பையோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்த பார்வையில் மிரட்டல் இல்லை. கெஞ்சலும் இல்லை. பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி நின்றாள். அப்பா போன பிறகு இந்தப் பெண்பிள்ளை ஒருத்திதான் அவளுக்கு. எனக்கும் இவள் ஒருத்திதான். நான் எதையாவது செய்தால்தான் இரண்டு பேரும் இந்த வீட்டில் ஒன்றாகச் சாப்பிட முடியும் போலிருந்தது.

"வா, கல்லறைக்கு அப்புறம் போலாம், காலப் பூசைக்கு முன்னாடியே கோயிலுக்குப் போயிடலாம். ஃபாதர் உக்காந்திருப்பாரு" என்றேன்.

அம்மாவின் முகம் மாறியதை நான் பார்க்கவில்லை, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் விட்ட மூச்சு கேட்டது.

பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்தாறு பேர் வரிசை. அம்மா பக்கத்துப் பெஞ்சில், ஜெபமாலையோடு. என் முறை வந்தது. முழங்காலிட்டேன். தட்டிக்கு அந்தப்பக்கம் ஃபாதரின் காது தெரிந்தது.

"சொல்லும்மா."

"என்ன சொல்றதுன்னு தெரியல ஃபாதர்."

"மனசுல எது பாரமா இருக்குதோ அதச் சொல்லு."

"எங்கம்மா என்ன நம்பல."

"அது உன் பாவம் இல்லியேம்மா."

"ஆமா ஃபாதர்."

 அப்புறம் நான், "அழுவ வேண்டிய எடத்துல எனக்கு எதுவுமே தோண மாட்டேங்குது. எங்கப்பா செத்ததுலேர்ந்து" என்றேன். அது பாவமா இல்லையா என்று ஃபாதர் சொல்லவில்லை. அப்பா பெயரைக் கேட்டார். சொன்னேன். "செபாஸ்டினா? சேவல் செபாஸ்டினா?" என்றார். ஆமாம் என்றேன். மெல்ல எதையோ ஜெபித்தார். ஐந்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்.

நான் உடனே எழுந்திருக்கவில்லை. சீக்கிரம் எழுந்தால் அம்மா சந்தேகப்படுவாள் என்று கணக்குப் போட்டேன். அங்கேயே முழங்காலில் இருந்து, முழங்கால் வலிக்கிறவரை தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். ஃபாதர் அதைப் பக்தி என்று நினைத்திருப்பார். அம்மா வேறொன்று நினைத்திருப்பாள். திரும்பிப் பார்த்தபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். எனக்கு வராத அழுகை எல்லாம் அவளுக்கு வந்தது.

நான் பொய் சொல்லவில்லை. எதையும் சொல்லவே இல்லை. ஆனால் பெஞ்சில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோதே, இனிமேல் உண்மையைச் சொல்ல எனக்கு வாயில்லை என்று தெரிந்துவிட்டது.

நற்கருணைக்கு மணி அடித்தது. அம்மா எழுந்தாள். எனக்கு முன்னால் வரிசையில் நின்றாள்.  வாங்கி வாயில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தவளின் முகம், அப்பா இருந்த காலத்து முகம். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே இருந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பூசை முடிந்து வாசலுக்கு வந்தோம். அம்மா பேக்கைத் திறந்து அப்பாவின் போனை எடுத்தாள். பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாள். திரை கறுத்தது.

"இனிமே இதுக்கு ரீசார்ஜ் பண்ணல. நாளைக்கு பேங்குக்குப் போயி உன் நம்பரையே குடுத்துடலாம்" என்றாள்.

"ஏம்மா?"

"எதுக்கு நான் பாக்கணும்? எனக்கு உம்மேல நம்பிக்க வந்துடுச்சு."

அவள் கண்ணில் அவ்வளவு அன்பு. இல்லைம்மா, நான் அங்கே அதைச் சொல்லவில்லை, சொல்ல ஒன்றும் இருக்கவில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடியும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

"சரிம்மா" என்றேன்.

எதிரே பக்கத்துத் தெரு டீச்சர் ஒருத்தர் வந்தார். "பொண்ணு வந்திருக்கா போல, எம்.காம். முடியப் போவுதா?" என்று கேட்டார். அம்மா என் தோளில் கை போட்டுக்கொண்டு, ரொம்ப நாளைக்கப்புறம், நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"சிந்தியா விஷயத்துல எனக்கு ஒரு கவலையும் கெடையாது டீச்சர்."

நான் சிரிக்க வேண்டிய இடம் அது. சிரித்தேன்.